எல்லா இன்ஜினையும் முன்னாடியே மாட்டறதா, நடுவுல வாலுல பிரிச்சு வைக்கறதா? நீளமான சரக்கு ரயிலுக்கு எது எப்போ சரி

2025 ஆகஸ்ட்ல இந்திய ரயில்வேயோட ருத்ராஸ்திரா சரக்கு ரயில் ஓடினதுல இருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. நாலரை கிலோமீட்டர் நீளம், 354 காலி வேகன், 7 இன்ஜின், கஞ்ச்குவாஜால இருந்து கர்வா ரோடு வரைக்கும் சுமார் 200 கிலோமீட்டர். ஏழு இன்ஜினையும் முன்னாடியே வரிசையா மாட்டி இழுத்துட்டுப் போனா என்ன, எதுக்கு நடுநடுவுல செருகணும்னு கேக்கறாங்க. இன்னொரு பக்கம் சிமுலேட்டர்ல அமெரிக்க ரூட் ஓட்டறவங்க, முன்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு, வாலுல ஒண்ணுன்னு மாட்டிட்டு, பின் இன்ஜினை முன்னாடி இருக்கறதோட சேர்த்தே ஓட்டறதா தனியா பிரிச்சு ஓட்டறதான்னு முழிக்கறாங்க. ரெண்டுமே அடியில ஒரே கேள்விதான், ரயிலோட விசை எந்த கப்ளர் (வேகனை வேகனோட இணைக்கற கொக்கி) வழியா எவ்வளவு போகுதுங்கறது. அதனால ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கறேன். இந்த வேலை நல்லா முத்திப் பழுத்தது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாலதான், அதனால உதாரணமும் பெரும்பாலும் அங்க இருந்துதான் வரும்.

## முதல்ல எதை வச்சு அளக்கறது

இன்ஜின் பவர் போதுமான்னு பாக்கறது கடைசிக் கேள்வி. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது அஞ்சு விஷயம் இருக்கு.

கப்ளர் தாங்குமா. இதுதான் எல்லாத்துக்கும் மேல. அமெரிக்கால ஹெவி வேகன்ல இருக்கற இ-கிரேடு நக்கிள் (கப்ளர்ல ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கற தாடை), புதுசா இருக்கும்போதே உடையற எல்லை 6,50,000 பவுண்டு, நம்ம கணக்குல சுமார் 295 டன் விசை. ஓடித் தேஞ்ச நக்கிள் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிரும். இப்போ ஏத்தத்தைக் கணக்குப் போடுங்க. 1 சதவீத ஏத்தத்துல ஒவ்வொரு டன் எடைக்கும் 10 கிலோ விசை வேணும், அதுவும் புவியீர்ப்பை சமாளிக்க மட்டும். 15,000 டன் ரயில்னா 150 டன் விசை, பரவால்ல. அதே ரயிலை கலிபோர்னியாவோட கஜோன் பாஸ் மாதிரி 2.2 சதவீத ஏத்தத்துல கொண்டு போனா 330 டன். முன்னாடி நீங்க நூறு இன்ஜின் மாட்டினாலும் முதல் வேகனோட நக்கிள் உடையுமே தவிர ரயில் மேல ஏறாது. இந்த ஒரு கணக்கு புரிஞ்சுட்டா மீதி எல்லாமே தானா விளங்கிரும்.

பிரேக் எவ்வளவு சீக்கிரம் கடைசி வேகனுக்குப் போகுது. ஏர் பிரேக்ல செய்தி போறதே காத்து வழியாதான், ரயில் நெடுக ஓடற பிரேக் பைப்ல அழுத்தம் குறைஞ்சா பிரேக் பிடிக்கும். எமர்ஜென்சி போட்டா நொடிக்கு 280 மீட்டர் மாதிரி பரவும், சாதாரண பிரேக் அதைவிட மெதுவா. மூணு கிலோமீட்டர் ரயில்ல எமர்ஜென்சி கூட வாலுக்குப் போய்ச் சேர பத்து நொடிக்கு மேல ஆகுது, அதுவரைக்கும் முன்பாதி பிரேக் பிடிச்சுட்டு நிக்கப் பாக்குது, பின்பாதி சும்மா வந்து மோதுது. பிரேக்கை விடுவிச்சு திரும்ப காத்து ஏத்தறது இன்னும் மெதுவான வேலை, குளிர்ல கசிவு வேற சேர்ந்துரும்.

கப்ளர்ல இருக்கற ஆட்டம். ஒவ்வொரு இணைப்புலயும் சில அங்குலம் முன்னபின்ன போகும். 150 வேகன் சேர்ந்தா அது பல மீட்டர். அது மொத்தமா இழுபடும்போதோ மொத்தமா நெருக்கும்போதோதான் நக்கிள் உடையறதும் காலி வேகன் தடம் புரள்றதும் நடக்குது.

மீதி ரெண்டும் சின்னது: எத்தனை ஆள் வேணும், இன்ஜினை மாட்டிக் கழட்ட எவ்வளவு நேரம்.

## எல்லா இன்ஜினும் முன்னாடி

இதுல இருக்கற எளிமையை யாரும் குறைச்சு நினைக்க வேண்டாம். இன்ஜின்களுக்கு நடுவுல ஒரு கேபிள், ஒரே டிரைவர், ரேடியோ இல்ல, அதுல இன்ஜின்களை லிங்க் பண்ற வேலை இல்ல, இன்ஜின் மாத்தணும்னா முன்னாடி மட்டும் கழட்டினா போதும். சமவெளியில ஓடற நடுத்தர ரயிலுக்கு இதைவிட நல்லது எதுவும் கிடையாது.

ஆனா மறைமுக செலவு வளைவுல இருக்கு. நீளமான ரயிலை முன்னாடி இருந்து மட்டும் இழுக்கும்போது விசை நேர்கோடா இருக்கப் பாக்கும், வளைவோட உள்பக்கமா வேகனை இழுக்கும். முன்பாதியில காலி வேகன் இருந்து பின்பாதியில லோடு இருந்தா அந்தக் காலி வேகன் உள்பக்கமா சாஞ்சு தடம் மாறிரும். இறக்கத்துல இதுக்கு நேரெதிர் சிக்கல், எல்லா டைனமிக் பிரேக்கும் (இன்ஜினோட மோட்டாரையே பிரேக்கா மாத்தறது) முன்னாடியே இருக்கறதால பின்னாடி வர்ற மொத்த எடையும் முன்னாடி இருக்கற வேகன்கள் மேல நெருக்குது. அதனாலதான் முன்னாடி எத்தனை இன்ஜின் அச்சு இழுக்கலாம், எத்தனை அச்சு டைனமிக் பிரேக் போடலாம்னு வட அமெரிக்க கம்பெனிகள் ரூல்புக்லயே வரம்பு வச்சிருக்காங்க. இஎஸ்44ஏசி மாதிரி ஒரு இன்ஜின் கிளம்பும்போது கிட்டத்தட்ட 83 டன் விசை கொடுக்கும். நாலு சேர்ந்தா 332. மேல சொன்ன 295ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

## பின்னாடி ஆள் உக்காந்த பேங்கர்

நம்ம ஊர்ல இதைப் பாத்தவங்க நிறைய பேர். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில பின்னாடி இன்ஜின் மாட்டித்தான் வண்டி போகுது, மும்பையில இருந்து சென்னை வர்றவங்க போர் காட்ல 37க்கு 1 ஏத்தத்துல பேங்கரைப் பாத்திருப்பீங்க. பெரிய தேருக்கு முன்னாடி வடம் பிடிச்சு இழுக்கும்போதே பின் சக்கரத்துக்கு கட்டை கொடுத்து உந்தற மாதிரிதான், வடம் தாங்கற அளவு தாண்டினா பின்னாடி இருந்து உந்தியே ஆகணும். அமெரிக்கால பென்சில்வேனியாவோட ஹார்ஸ்ஷூ கர்வ், மொன்டானாவோட முல்லன் பாஸ் எல்லாம் ஹெல்ப்பர்னு சொல்ற இதே ஏற்பாட்டுக்குப் பேர் போன இடம்.

நல்லது என்னன்னா, ஒரே ஒரு மலைதான் பிரச்சனை, மீதி 500 கிலோமீட்டரும் சமவெளின்னா அந்த மலைக்கு மட்டும் இன்ஜின் வச்சுக்கலாம். பின்னாடி ஒரு மனுஷன் கண்ணும் காதும் இருக்கு, ரயில் நடந்துக்கற விதத்தை உக்காந்த இடத்துலயே உணர்றாரு.

செலவுதான் கண்ணுக்குத் தெரியாம ஏறும். ரெண்டாவது குழுவுக்கு சம்பளம், வண்டி வர்ற வரைக்கும் அவங்க காத்திருக்கறது, மேல போனதும் கழட்டிட்டு இன்ஜின் தனியா கீழ இறங்கி வர்றது, அதுக்கு லைன்ல இடம். அமெரிக்கால குழு 12 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாதுன்னு சட்டம், அந்த நேரத்துல பாதி காத்திருப்புலயே கரைஞ்சு போகும்.

இதைவிட கனமான செலவு ரெண்டு டிரைவருக்கும் நடுவுல பேச்சு. 1989 மே 12 சான் பெர்னார்டினோ விபத்து இதுக்கு நெஞ்சை உலுக்கற உதாரணம். சதர்ன் பசிபிக் ரயில், 69 வேகன் ட்ரோனாங்கற கனிமம், முன்னாடி நாலு இன்ஜின், பின்னாடி ரெண்டு ஹெல்ப்பர். சரக்கோட எடையை உண்மையைவிட ரொம்பக் குறைச்சு மதிப்பிட்டு பேப்பர்ல போட்டிருந்தாங்க. முன்னாடி இன்ஜின்கள்ல டைனமிக் பிரேக் சரியா இல்ல, பின்னாடி ரெண்டுல ஒண்ணுல வேலையே செய்யல, அது பின் டிரைவருக்குத் தெரியும், முன் டிரைவருக்குத் தெரியாது. கஜோன் பாஸ் இறக்கத்துல வேகம் கைமீறினதும் பின் டிரைவர் எமர்ஜென்சி போட்டாரு, அது இருந்த கொஞ்ச நஞ்ச டைனமிக் பிரேக்கையும் துண்டிச்சிருச்சு. ரயில் டஃபி தெருவுல வீடுகள் மேல விழுந்து நாலு பேர் செத்தாங்க, 13 நாள் கழிச்சு அதே இடத்துல பைப்லைன் வெடிச்சு இன்னும் ரெண்டு பேர். பின் இன்ஜினோட நிலைமை என்னன்னு முன்னாடி உக்காந்தவருக்குத் தெரியாம போனதுல இருந்து எவ்வளவு தூரம் போச்சு பாருங்க.

## ரேடியோவுல ஓடற ரிமோட் இன்ஜின்

நடுவுலயோ வாலுலயோ இருக்கற இன்ஜின்ல ஆளே இல்லாம, முன்னாடி டிரைவரே அதை ரேடியோ வழியா ஓட்டறது இது. அவர் எதிர்ல இருக்கற ஸ்கிரீன்ல ஒவ்வொரு ரிமோட் இன்ஜினுக்கும் ஒரு பத்தி. என்ன நாட்ச்ல (பவரோட படி, 8தான் உச்சம்) இருக்கு, எவ்வளவு விசை கொடுக்குது, அந்த இடத்துல பிரேக் பைப் அழுத்தம் எவ்வளவு, காத்து எவ்வளவு ஓடுது, எல்லாமே அங்கயே தெரியும். சான் பெர்னார்டினோல இல்லாம போன தகவல் கண்ணு முன்னாடி நிக்குது, என்னைக் கேட்டா இந்த ஏற்பாட்டோட முதல் லாபமே அதுதான். 1960கள்ல அமெரிக்காவோட சதர்ன் ரயில்வேல லோகோட்ரோல்னு ஆரம்பிச்சது, இன்னைக்கு வாப்டெக் கம்பெனிகிட்ட இருக்கு. இந்தியால இதே வேலையைப் பண்ற கருவிக்கு டிபிடபிள்யூசிஎஸ்னு பேர்.

பிரேக்லயும் பெரிய வித்தியாசம். டிரைவர் பிரேக் போட்டதும் ரேடியோ வழியா ரிமோட்டுக்கும் அதே நேரம் செய்தி போய் அதுவும் தன் இடத்துல காத்தை வெளிய விடும், ரெண்டு மூணு இடத்துல இருந்து ஒரே நேரத்துல பிரேக் பரவும். திரும்ப காத்து ஏத்தும்போதும் அப்படியே. கனடாவோட குளிர்காலத்துல இழுக்கறதுக்கு அவசியமே இல்லாத ரயில்லகூட காத்துக்காகவே நடுவுல ரிமோட் வைக்கறது இதனாலதான்.

இது எவ்வளவு தூரம் போகும்னு காட்டினது 2001 ஜூன் 21, ஆஸ்திரேலியாவோட பில்பரா. பிஎச்பிங்கற சுரங்கக் கம்பெனியோட ரயில், 682 வேகன், 7.353 கிலோமீட்டர், 99,734 டன், ரயில் நெடுக பிரிச்சு வச்ச எட்டு இன்ஜின், ஓட்டினது ஒரே டிரைவர்.

### சேர்ந்து ஓட்டறதா, பிரிச்சு ஓட்டறதா

சிமுலேட்டர்காரங்க மாட்டிக்கற இடம் இது, கொஞ்சம் நிதானமா பாப்போம்.

சிங்க்னா, முன்னாடி நாட்ச் 5 போட்டா ரிமோட்டும் நாட்ச் 5, டைனமிக் பிரேக் போட்டா அதுவும் அதே அளவு. இன்டிபென்டன்ட்னா ஸ்கிரீன்ல இன்ஜின்களுக்கு நடுவுல ஒரு கோடு போட்டு, ஃபென்ஸ்னு சொல்வாங்க, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற இன்ஜின்களை தனி குரூப்பா ஓட்டறது. நடு இன்ஜினை எந்தக் குரூப்ல சேக்கறதுங்கறதும் டிரைவர் கையில.

சீரான ஏத்தம், சீரான இறக்கம், சமவெளி, இதுக்கெல்லாம் சிங்க் போதும். ரயில் மொத்தமும் ஒரே மாதிரி நிலத்துல இருக்கும்போது பிரிக்கறதால எந்த லாபமும் இல்ல, தப்பு பண்ண வாய்ப்புதான் கூடும்.

பிரச்சனை உச்சியில. மூணு கிலோமீட்டர் ரயிலோட தலை மேடு தாண்டி இறங்க ஆரம்பிச்சாச்சு, வால் இன்னும் ஏறிட்டு இருக்கு. இப்போ சிங்க்ல நாட்ச் 8லயே விட்டா முன் இன்ஜின் இழுக்கறதோட ஏற்கனவே இறங்கின வேகன்களோட எடையும் சேர்ந்து, உச்சியில இருக்கற கப்ளரைப் பிச்சு எடுக்கும். அதனால தலை உச்சியை நெருங்கும்போதே ஃபென்ஸ் போட்டு, முன் குரூப்பை ஒவ்வொரு நாட்ச்சா குறைச்சுட்டு வரணும், பின் குரூப் 8லயே தள்ளிட்டு இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் தாண்டினதும் முன் குரூப் ஐடில், அப்புறம் மெல்ல டைனமிக் பிரேக், பின்னாடி இன்னும் பவர்ல. வால் இன்ஜினும் உச்சியைத் தொடறப்போ அதைக் குறைச்சு அதையும் பிரேக்குக்குக் கொண்டு வந்து, ரெண்டும் ஒரே அளவுக்கு வந்ததும் கோட்டை எடுத்துட்டு சிங்க். பள்ளத்துல இது தலைகீழா, முன்பாதி ஏற ஆரம்பிச்சு வேகம் குறையும், பின்பாதி இன்னும் இறங்கிட்டு வந்து முட்டப் பாக்கும், அப்போ முன் குரூப்புக்கு பவர், பின் குரூப்புக்கு லேசான டைனமிக் பிரேக், ரயில் இழுபட்ட நிலையிலயே பள்ளத்தைத் தாண்டிரும்.

இன்டிபென்டன்ட்டோட மறைமுக செலவு டிரைவரோட கவனம். ரெண்டு ரயிலை ஒரே ஆள் ஓட்டற மாதிரி ஆயிருது, அதோட மூணு கிலோமீட்டர் பின்னாடி நிலம் எப்படி இருக்குன்னு தலைக்குள்ள எப்பவும் ஓடிட்டே இருக்கணும், ரூட்டை கரைச்சுக் குடிச்சவராலதான் முடியும். பின் குரூப்பை அதிகமா தள்ள விட்டு முன்னாடி பிரேக் கூடிப் போச்சுன்னா நடுவுல இருக்கற காலி வேகன் வளைவுல வெளிய தூக்கி எறியப்படும். மேடு பள்ளம் மாறி மாறி வர்ற ரூட்ல கை ஓயாது, அதுக்குத்தான் டிரிப் ஆப்டிமைசர் மாதிரி கம்ப்யூட்டர் உதவி வந்துச்சு. ஆனா அதை நம்பி டிரைவரோட கைப்பழக்கம் போயிரக் கூடாதுங்கறது என் உறுதியான அபிப்பிராயம், கம்ப்யூட்டர் கைவிடற நேரம் பெரும்பாலும் கஷ்டமான நேரமாதான் இருக்கும்.

### எங்க வைக்கறது

வாலுல வச்சா மாட்டறது கழட்டறது சுலபம், ரயிலைப் பிளக்க வேண்டியதில்ல. முன்னாடி ரெண்டு, வாலுல ஒண்ணு, எல்லாம் ஒரே பவர்னா முன்னாடி நக்கிள் மேல விழறது மொத்த விசையில மூணுல ரெண்டு பங்குதான். நம்ம 330 டன் உதாரணத்துல 220 ஆகுது. நடுவுல வச்சா கப்ளர் விசை இன்னும் நல்லா பங்கு பிரியும், ஆனா யார்டுல வெட்டி ஒட்டற வேலை, அதுவும் இன்ஜினுக்கு முன்னாடி காலி வேகன் வராம பாத்துக்கணும். இந்தியாவோட முறை இதுக்கு அழகா பொருந்துது, 2022 ஆகஸ்ட் 15ல ஓடின சூப்பர் வாசுகி அஞ்சு ரேக்கை (ஒரு ரேக்னா ஒண்ணாவே ஓடற வேகன் வரிசை) ஒண்ணா சேர்த்து, 295 வேகன் நிலக்கரி, 6 இன்ஜின். ரேக்கோட இன்ஜின் ரேக்கோடவே நிக்கறதால பவர் தானா பிரிஞ்சு கிடக்கு, போய்ச் சேர்ந்த இடத்துல ரேக் ரேக்கா பிரிச்சுக்கவும் வசதி.

### ரேடியோ சிக்னல் போனா என்ன

ரிமோட் கடைசியா என்ன உத்தரவு வாங்குச்சோ அதையே பண்ணிட்டு இருக்கும். குகைக்குள்ள போனதும் பின் இன்ஜின் திடீர்னு நின்னா அது இன்னும் மோசம், அதனாலதான் அப்படி வச்சிருக்காங்க. ஆனா பின்னாடி நாட்ச் 8ல தள்ளிட்டு இருக்கும்போது முன்னாடி நிறுத்த வேண்டி வந்தா? டிரைவர் பிரேக் பைப்ல அழுத்தத்தைக் குறைப்பாரு, ரிமோட் தன் பக்கம் காத்து ஓட்டம் மாறறதை உணர்ந்து, காத்து ஏத்தறதை நிறுத்திட்டு தானா ஐடிலுக்கு வந்துரும். ரேடியோ போனாலும் பைப் இருக்கு. கனடாவோட 14.7 கிலோமீட்டர் மவுண்ட் மெக்டொனால்ட் குகை மாதிரி இடமெல்லாம் இருக்கற ரூட்டுக்கு குகைக்குள்ள ரேடியோ கடத்தற கட்டமைப்புச் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

இன்னொரு செலவு: மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கற இன்ஜின் பழுதானா ராத்திரியோ பனியோ யாராவது நடந்துதான் போகணும்.

ரிமோட் இருக்குங்கறதால மலை இறக்கம் பாதுகாப்புன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். 2019 பிப்ரவரி 4, கனடாவோட ஃபீல்ட் மலை. 112 வேகன் தானியம், தலையிலயும் நடுவுலயும் வாலுலயும் ஒவ்வொரு இன்ஜின், இந்த வகையில நல்ல அமைப்பு. எமர்ஜென்சி போட்டு செங்குத்து இறக்கத்துல நிறுத்தின ரயில், கடும் குளிர்ல பிரேக் சிலிண்டர் காத்து கசிஞ்சு, சுமார் மூணு மணி நேரத்துல தானா உருள ஆரம்பிச்சிருச்சு. மூணு ஊழியர்கள் உயிர் போச்சு. நிக்கற வண்டியைப் பிடிச்சு வைக்கறது வேகன் பிரேக்கும் கை பிரேக்கும்தான், அங்க ரிமோட் இன்ஜினால ஒண்ணும் பண்ண முடியாது.

## வயர் வழியா: ஈசிபி பிரேக்

ரயில் நெடுக ஒரு கேபிள், ஒவ்வொரு வேகனோட பிரேக்கும் மின் செய்தியில ஒரே நேரத்துல பிடிக்கும், ரிமோட் இன்ஜினுக்கான உத்தரவும் அதே கேபிள்ல போகலாம். பரவற தாமதமே இல்ல, குகைப் பிரச்சனையும் இல்ல, பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமா குறைக்கவும் முடியும். தொழில்நுட்பமா பாத்தா நாலுலயும் இதுதான் சிறந்தது.

ஆனா ஒவ்வொரு வேகனுக்கும் கருவி வேணும். நாடு முழுக்க பல கம்பெனி வேகன் கலந்து ஓடற அமெரிக்கால அது படியல, எளிதில் தீப்பிடிக்கற சரக்கு ரயில்களுக்கு 2015ல கொண்டு வந்த கட்டாயத்தை 2018ல செலவுக்கேத்த பலன் இல்லன்னு வாபஸ் வாங்கிட்டாங்க. சுரங்கத்துல இருந்து துறைமுகம், திரும்ப சுரங்கம்னு ஒரே வேகன் சுத்தற பில்பராவுக்கு பொருந்துச்சு. அங்கயும் 2018 நவம்பர் 5ல 268 வேகன் பிஎச்பி ரயில், கேபிள் துண்டிப்பால பிரேக் பிடிச்சு நின்னு, டிரைவர் பரிசோதிக்க இறங்கி நடந்துட்டு இருக்கும்போது ஒரு மணி நேரத்துல ஈசிபி பிரேக் விட்டுருச்சு, ஆளில்லாம 92 கிலோமீட்டர் ஓடி, கடைசியில வேணும்னே தடம் புரள வைக்க வேண்டியதாச்சு. காத்து பிரேக்கையும் எமர்ஜென்சில வைக்காம விட்டதுதான் காரணங்கள்ல முக்கியமானது.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | எல்லாம் முன்னாடி | ஆள் உள்ள பேங்கர் | ரேடியோ ரிமோட் | ஈசிபி வயர் |
|---|---|---|---|---|
| கப்ளர் மேல விசை | ரொம்ப அதிகம் | குறைவு | குறைவு, டிரைவரே சரிபண்ணிக்கலாம் | ரிமோட் இன்ஜினும் சேர்ந்தா குறைவு |
| பிரேக் பரவறது | மெதுவா, ஒரு முனையில இருந்து | பெரும்பாலும் முன்னாடி இருந்து | பல இடத்துல இருந்து | உடனே எல்லாத்துக்கும் |
| ஆள் | ஒரு குழு | ரெண்டு குழு | ஒரு குழு, கூடுதல் பயிற்சி | ஒரு குழு |
| மறைஞ்சிருக்கற செலவு | வளைவு, காலி வேகன் | காத்திருப்பு, தகவல் இடைவெளி | லிங்க் நேரம், குகை, பழுதானா நடை | எல்லா வேகனையும் மாத்தணும் |

## சரி, எதை எடுக்கறது

சமவெளி, ஒரே மாதிரி லோடு, முன் இன்ஜினோட விசை நக்கிள் எல்லையில பாதிக்குக் கீழன்னா முன்னாடியே மாட்டுங்க. மத்த இடமெல்லாம் தட்டை, ஒரே ஒரு செங்குத்து மலை, அந்த வழியா தினமும் நிறைய வண்டின்னா பேங்கர், ஆனா மலை அடிவாரத்துல ரெண்டு டிரைவரும் அவங்கவங்க டைனமிக் பிரேக் நிலைமையையும் ரயிலோட எடையையும் பேசி முடிக்காம கிளம்பவே கூடாது. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் மேடு பள்ளம், மூணு கிலோமீட்டர் மாதிரி நீளம்னா ரேடியோ ரிமோட்தான், வேற யோசனையே வேண்டாம். வேகன் எல்லாம் ஒரே முதலாளியோடது, ஒரே வழியில சுத்தி சுத்தி வருதுன்னா ஈசிபிக்கு காசு போடலாம்.

ருத்ராஸ்திரா கேள்விக்கு வந்தா, அது காலி ரேக், ஏழு இன்ஜினை முன்னாடி மாட்டி 354 காலி வேகனை வளைவுல இழுக்கறது நாலுலயும் மோசமான சேர்க்கை. காலின்னா லேசு, எங்க வேணா இன்ஜின் மாட்டலாம்னு தோணும், உண்மையில தடம் விட்டு முதல்ல எழும்பறதே லேசான வேகன்தான்.

சிமுலேட்டர்ல பழகறவங்க முன்னாடி ரெண்டு, வாலுல ஒண்ணுன்னு ஆரம்பிங்க, நடு இன்ஜின் அப்புறம். முதல்ல முழு ரூட்டையும் சிங்க்லயே ஓட்டி, எந்த எந்த உச்சியில கப்ளர் விசை எகிறுதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த தடவை அந்த இடத்துல மட்டும், தலை உச்சியைத் தொடறதுக்கு முன்னாடியே ஃபென்ஸ் போடுங்க, முன் குரூப்பை ஒரு நேரத்துல ஒரே ஒரு நாட்ச் குறைச்சு, ஆட்டம் அடங்கினதும் அடுத்தது. வால் இன்ஜின் உச்சியைத் தாண்டி ரெண்டு குரூப்பும் ஒரே அளவு டைனமிக் பிரேக்ல வந்த பிறகுதான் சிங்குக்குத் திரும்பணும், அதுக்கு முன்னாடி கோட்டை எடுத்தா பின் இன்ஜின் பவர்ல இருந்து நேரா பிரேக்குக்கு குதிச்சு, ரயில் மொத்தமும் ஒரு இழுப்பு இழுபடும்.